'ஜப்பான் மாடல்': ஒரு டீப்பாயின் அடிப்புறம்

உறையூரில் நாச்சியார் கோவிலுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு பழைய மரச்சாமான் கடையில் அந்த டீப்பாயைப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இராது. தேக்குச் சட்டம், அதன்மேல் கண்ணாடி. கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே மெல்லிய ரீப்பர்களை இடைவெளி விட்டு அடுக்கிய இன்னொரு தட்டு. சதுரக் கால்கள், கீழே போகப்போகக் கொஞ்சம் ஒடுங்குகின்றன. கடைசல் இல்லை, பூ வேலை இல்லை, பித்தளைக் குமிழ் இல்லை. ஆணித்தலை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"ஜப்பான் மாடல் சார். வின்டேஜ்" என்றார் கடைக்காரர்.

"ஜப்பான்ல செஞ்சதா?"

"இல்ல சார். மாடல்தான் ஜப்பான்."

"அப்ப செஞ்சது யாரு?"

"யாரோ ஒரு ஆசாரி செஞ்சிருப்பாரு."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி இரண்டு பதில்களைப் பற்றியது. மாடலுக்கு ஒரு தேசத்தின் பெயர் இருக்கிறது. செய்தவருக்கு 'யாரோ' என்ற பெயர் இருக்கிறது. கூடவே ஒரு சாதியின் பெயரும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரு பண்டத்தின் மீது எப்படி வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பதை முடிந்தவரை விளக்கிப் பார்க்கிறேன்.

மரச்சாமானைப் பற்றிச் சிறுபத்திரிகையில் என்ன கட்டுரை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒரு பிரதியை உருவாக்குபவர் யார் என்று பக்கம் பக்கமாக விவாதித்தவர்கள்தான் நாம். 'ஆசிரியனின் மரணம்' வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தோம். மேசைக்கு ஓர் ஆசிரியன் உயிரோடு இருந்ததாகவே நாம் ஒருமுறையும் ஒப்புக்கொண்டதில்லை. பிறகு அவனுக்கு மரணம் எங்கிருந்து வரும்?

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். 'டீப்பாய்' என்பதைக் கேட்டதும் நமக்கு டீ ஞாபகம் வருகிறது. ஆங்கிலேயனுக்கும் அப்படித்தான் வந்தது. உண்மையில் டீக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தியில் 'தீன்' என்றால் மூன்று, பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால். இரண்டும் சேர்ந்து 'திபாயி' ஆனது. அதாவது நம்முடைய முக்காலிதான். ஆங்கிலேயன் இங்கே அந்தச் சொல்லை எடுத்து, காதில் டீ என்று விழுந்ததால் அதன்மேல் டீயை வைத்தான். நாம் அதை அவனிடமிருந்து திரும்ப வாங்கி, நான்கு கால் இருந்தாலும் டீப்பாய் என்றோம். ஒரு சின்ன மேசையின் பெயருக்குள்ளேயே இவ்வளவு பறிகொடுப்பும் மறதியும் இருக்கின்றன. இந்த மூன்று காலுக்குப் பின்னால் மறுபடி வரவேண்டியிருக்கும்.

அடுத்து, 'ஜப்பான் மாடல்' என்று எதைச் சொல்கிறார்கள்? தாழ்வான உயரம், நேர்க்கோடுகள், அலங்காரம் இல்லாமை, மரத்தின் ரேகையை வண்ணம் பூசி மறைக்காமை, பொருத்துகளை மறைக்காமல் அவற்றையே அழகாகக் காட்டுவது, பொருளுக்கு உள்ளே காலி இடம் விடுவது. ரீப்பர் தட்டைப் பார்த்தால் ஜப்பானிய வீட்டின் காகிதக் கதவுச் சட்டங்கள் ஞாபகத்துக்கு வரும். தாழ்வான உயரத்துக்குக் காரணம் தரையில் உட்காரும் பழக்கம். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பானில் குடும்பம் முழுதும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அந்தத் தாழ்ந்த மேசை பழைய மரபு அல்ல. அதற்கு முன் ஆளுக்கொரு தட்டுப்பலகை இருந்தது. பொது மேசை பரவியது 19-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். 'தொன்மையான ஜப்பான்' என்று நாம் ரசிப்பது கிட்டத்தட்ட நம்முடைய ரயில் பாதைகளைவிட வயதில் இளையது. தரையில் உட்கார்வது நமக்கும் புதிது அல்ல. செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசைப்பெட்டியும் அதே உயரம்தான். அதைத் 'தமிழ் மாடல்' என்று யாரும் விற்பதாகக் காணோம்.

மறுநாள் எனக்குப் பழக்கமான ஒரு தச்சரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பாண்டமங்கலத்தில் இருக்கிறார். அவர் டீப்பாயை மேலே பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் தூக்கிச் சுவரோரம் வைக்கச் சொன்னார், சட்டத்தைக் கவிழ்த்தார், துண்டால் தூசியைத் துடைத்தார்.

கண்ணாடி மேசையின் விசேஷம் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாதாரண மேசையில் மேல்பலகை ஒரு மூடி. அடியில் இழைப்புளி படாத மரம், வழிந்த பசை, ஒட்டுத்துண்டு எல்லாம் அதற்குக் கீழே ஒளிந்துகொள்ளும். கண்ணாடி போட்டால் ஒளிய இடமில்லை. அடிப்புறமும் முகம் ஆகிவிடுகிறது. ஆகவே வேலை இரண்டு மடங்கு. கூலியும் இரண்டு மடங்காகக் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

அவர் இன்னொன்றையும் காட்டினார். கண்ணாடி உட்காரும் காடியில், கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே சிறிய இடைவெளி இருந்தது. "ரெண்டு நூல் விட்டுருக்கான் பாருங்க" என்றார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மரம் மூச்சு விடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதும், கத்திரி வெயிலில் சுருங்கும். கண்ணாடி அப்படிச் செய்யாது. இறுக்கமாகச் செருகினால் சட்டம் சுருங்கும்போது ஒன்று கண்ணாடி விரிசல் விடும், இல்லையென்றால் மூலைப் பொருத்து வாய் பிளக்கும். அதனால்தான் அந்த இரண்டு நூல். ஜப்பானிய அழகியல் பற்றிய புத்தகங்களில் 'மா' என்ற கருத்து வரும்: இடைவெளி, வெறுமை, இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள மௌனம். ரோலான் பார்த் 1970-ல் ஜப்பானைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு நாமும் கொஞ்ச காலம் வெறுமை, வெறுமை என்று எழுதிக்கொண்டிருந்தோம். (தான் எழுதுவது நிஜ ஜப்பான் அல்ல, தான் கட்டிக்கொண்ட ஒரு குறிகளின் அமைப்பு என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நாம்தான் அதைக் கவனிக்கவில்லை.) அந்த வெறுமைக்கு உறையூரில் அளவு இருக்கிறது, இரண்டு நூல். அதைத் தத்துவமாகப் பேசுபவருக்குப் பெயர் கிடைக்கிறது. அளந்து விடுபவர் 'யாரோ'.

கவிழ்த்த சட்டத்தின் மூலைகளில், காலிலும் சட்டத்திலும் ஜோடி ஜோடியாக உளிக்கோடுகள். ஒரு மூலையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு. எந்தக் காலுக்கு எந்தத் துளை என்று குழம்பாமல் இருக்கத் தச்சர்கள் போடும் அடையாளம். ஒரு சட்டத்தின் உள்பக்கம் பென்சிலால் தமிழில் 'முன்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். செய்தவர் இந்த மேசையில் எழுதிவைத்தது அந்த ஒரு சொல். ஜப்பான் கேள்விக்கு விடையும் அதிலேயே இருந்தது.

*

ஊர்ப்பெயர் பண்டத்தின் பெயராகி, செய்த கையை விழுங்குவது உறையூருக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் 'டிரிச்சினாப்பொலி' என்றால் ஒரு காலத்தில் ஊர் மட்டும் அல்ல, சுருட்டும் கூட. ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் (1887) கொலைகாரன் புகைத்தது டிரிச்சினாப்பொலி என்று சாம்பலை வைத்தே ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். சாம்பலைப் பார்த்து ஊரைச் சொல்லும் அந்த மேதைக்கு, உறையூர்த் திண்ணையில் உட்கார்ந்து இலையை நனைத்துச் சுருட்டிய விரல் தெரிவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதே ஆங்கிலத்தில் 'ஜப்பான்' என்பது பளபளக்கும் கறுப்பு அரக்குப் பூச்சுக்குப் பெயர். அந்தப் பூச்சைப் பூசுவதும் 'ஜப்பான்' என்ற அதே சொல்தான், வினையாக. 'சைனா' பீங்கான் ஆனது. கோழிக்கோடு 'காலிகோ' துணி ஆனது. ஏகாதிபத்திய வணிகத்தின் அகராதி இப்படித்தான் எழுதப்பட்டது. தேசங்கள் சரக்கின் பெயர்களாக உள்ளே வருகின்றன. மனிதர்கள் வருவதில்லை.

இதில் ஜப்பான் என்ற பெயருக்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் கதை உண்டு. இன்றைக்கு 'ஜப்பான் மாடல்' என்றால் அடக்கம், நுட்பம், ரசனை. 1930-களில் கடைத்தெருவில் 'ஜப்பான் சாமான்' என்றால் மலிவு என்று அர்த்தம். பொம்மை, எனாமல் பாத்திரம், செயற்கைப் பட்டு எல்லாம் ஜப்பானிலிருந்து வந்து குவிந்தன. ஜப்பான் துணியின் விலைக்கு லங்காஷயராலேயே ஈடு கொடுக்க முடியாமல், 1933-ல் பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு இந்திய அரசு 75 சதவீத இறக்குமதி வரி போட்டது. உறையூர் போன்ற தறியூர்களில் அந்த வருஷங்களில் ஜப்பான் என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் பதித்த வண்ண ஓடுகளிலும் ஜப்பானில் செய்தவை இருக்கின்றன. இந்தியச் சந்தைக்கென்றே நம் சாமிகளின் உருவத்தை அச்சிட்டும் ஜப்பானிய ஓட்டுக் கம்பெனிகள் அனுப்பின. அவர்கள் 'இந்திய மாடல்' செய்து நமக்கு விற்றார்கள் என்றும் சொல்லலாம்.

அதே முப்பதுகளில்தான் இன்னொரு ஜப்பான், கப்பல் சரக்காக அல்லாமல் வேலைமுறையாக, தமிழ் நிலத்துக்கு வந்து சேர்ந்தது. அது வந்த இடம் புதுச்சேரி.

அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1937-ல் வேலை தொடங்கி நாற்பதுகளில் முடிந்த கான்கிரீட் கட்டடம். வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்தவர், பிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலைபார்க்க டோக்கியோவுக்குப் போய் அங்கேயே அலுவலகம் போட்டவர். அன்னை என்று அழைக்கப்பட்ட மிரா அல்பாசா அதற்கு முன்பே 1916 முதல் 1920 வரை ஜப்பானில் இருந்தவர். பணம் ஹைதராபாத் நிஜாம் அரசின் நன்கொடை, அதனால்தான் கோல்கொண்டா என்ற பெயர். சுவருக்குப் பதிலாக நீளமான கிடைமட்டப் பலகைகள், திருப்பினால் காற்று வரும். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே தேக்கு நகர்த்துக் கதவுகள். சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடித்திருப்பதால் காற்று நுழையும், பார்வை நுழையாது. ஜப்பானியக் கதவை நம் புழுக்கத்துக்கு மொழிபெயர்த்தது மாதிரி. (நல்ல மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்பதற்கு வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.)

அந்த வேலையை மேற்பார்த்தவர்களில் ஒருவர் ரேமண்டின் டோக்கியோ அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர், ஜார்ஜ் நகாஷிமா. 1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், கட்டடக் கலை படித்தவர். புதுச்சேரியில் ஆசிரமவாசியாகவே ஆகி, சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, அரவிந்தரிடமிருந்து 'சுந்தரானந்தா' என்ற பெயரும் பெற்றார். 1939-ல் புறப்பட்டுப் போனார். விடுதிக்கான தேக்கு மரச்சாமான்களை அங்கேதான் செய்வித்தார். பிற்காலத்தில் உலகமே 'நகாஷிமா மேசை' என்று கொண்டாடிய வேலையின் தொடக்கம் நம் கடற்கரையில் இருக்கிறது. 1964-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மறுபடி வந்து, அங்குள்ள பட்டறைக்கென்று மேசை நாற்காலிகள் வடிவமைத்துக் கொடுத்தார். ஆக, 'ஜப்பான் மாடல்' நம்மிடம் வந்த வழிகளில் ஒன்றாவது நமக்குத் திட்டமாகத் தெரியும்.

கோல்கொண்டாவைப் பற்றிப் பேசும்போது வரும் பெயர்கள் ரேமண்ட், நகாஷிமா, இன்னொரு செக்காரரான சம்மர், அன்னை, நிஜாமின் திவான். இழைப்புளி பிடித்தவர் அந்தப் பேச்சில் 'உள்ளூர்த் தொழிலாளர்கள்' என்ற பன்மைக்குள் போய்விடுகிறார். கடைக்காரர் சொன்ன 'யாரோ'வின் மரியாதையான வடிவம் அது.

*

1942-க்கு வருகிறேன். அந்த ஒரு வருஷத்தில் 'ஜப்பான்' என்ற சொல் செய்த வேலைகளைப் பார்த்தால் அழகியல் மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஆணை 9066 வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். நகாஷிமாவும் மனைவியும் பிறந்து சில வாரங்களே ஆன மகளும் ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலத்தில் மினிடோகா முகாமுக்குப் போனார்கள். அங்கேதான் அவர் கெந்தாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரைச் சந்திக்கிறார். கழித்துப்போட்ட பலகைகளையும் பாலைப் புதர்க்கட்டைகளையும் வைத்து, ஜப்பானியக் கைக்கருவிகளின் பழக்கத்தையும் பொருத்துகளின் நுட்பத்தையும் அவரிடம் கற்றுக்கொள்கிறார். டோக்கியோ கட்டடக்காரரையும் புதுச்சேரி சுந்தரானந்தாவையும் தச்சராக ஆக்கியது ஓர் அமெரிக்கச் சிறைமுகாம். 1943-ல் ரேமண்ட் பொறுப்பேற்று அவரை வெளியே கொண்டுவந்தார். ஹிகோகாவாவின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், கற்றுக்கொண்டவர் அதைச் சொன்னார் என்பதுதான். சொல்லாமல் இருந்திருந்தால் அவரும் 'யாரோ'.

அதே 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. தமிழர்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே ஊர் திரும்பினார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் கொண்டுபோன தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரம் பேராகச் செத்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அவர்களுக்கும் பெயர் இல்லை. ஜப்பானிய 'அமைதி'யைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குவது இதனால்தான். மினிடோகாவில் அடைபட்டவனும் ஜப்பான்தான், சயாமில் சாட்டை பிடித்தவனும் ஜப்பான்தான். டீப்பாயின் விலைச்சீட்டில் இருக்கும் அந்தச் சொல்லுக்கு இந்த ஞாபகம் எதுவும் கிடையாது.

இனி மூன்று கால் விவகாரம். மரமும் கண்ணாடியும் சேர்ந்த 'ஜப்பானிய' மேசைகளில் உலகத்திலேயே பிரபலமானது இசாமு நொகுச்சியுடையது. ஒரே மாதிரி வளைந்த இரண்டு மரத்துண்டுகள். ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு ஒரு முளையால் சேர்த்து, மேலே தடித்த முக்கோணக் கண்ணாடியைச் சும்மா வைத்தால் முடிந்தது. 1947-ல் ஹெர்மன் மில்லர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நொகுச்சி 1904-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். தாய் அமெரிக்கர். தந்தை கவிஞர் யோனே நொகுச்சி, 1938-ல் சீனா மீதான ஜப்பானியப் படையெடுப்பை நியாயப்படுத்தி எழுதி, தாகூரிடம் கடிதத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவர். மகன் 1942-ல் அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்குத் தானாகவே உள்ளே போனார், முகாமை மனிதர் வாழும் இடமாக வடிவமைக்கலாம் என்று நம்பி. உள்ளே போனபின் வெளியே வருவது அவ்வளவு சுலபமாக இல்லை. தான் முன்பு ஒரு வடிவமைப்பாளருக்கு மாதிரி செய்துகொடுத்த மேசையின் சாயலில் இன்னொரு மேசை, அந்த வடிவமைப்பாளர் பெயரில் விளம்பரமாக வந்திருப்பதை முகாமில் இருக்கும்போது பார்த்தார். வெளியே வந்து கேட்டபோது கிடைத்த பதில்: மூன்று கால் மேசையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்தக் கோபத்தில் அவர் செய்த மாற்றுதான் இன்று நாம் பார்க்கும் மேசை.

திபாயி, முக்காலி, மூன்று கால் மேசை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது சரிதான். ஆனால் நொகுச்சி கேட்டார். கேட்க அவருக்கு ஒரு பெயர் இருந்தது. உறையூரில் 'முன்' என்று எழுதிய ஆள் கேட்டிருந்தால் யாரிடம் போய் என்ன சொல்லிக் கேட்டிருப்பார்?

*

பெயரில்லாமல் இருப்பதே கைவினையின் பெருமை என்று சொல்லும் கோட்பாடு ஒன்று இருக்கிறது. அதோடு நாம் சண்டை போடாமல் மேலே போக முடியாது.

ஜப்பானில் யானகி சோயெட்சு 1920-களில் 'மிங்கெய்' என்ற சொல்லை நண்பர்களோடு உருவாக்கினார், மக்கள் கைவினை என்று பொருள். பெயர் தெரியாத கைவினைஞன், தன்முனைப்பு இல்லாமல், தினசரி உபயோகத்துக்காகத் திரும்பத்திரும்பச் செய்வதில்தான் உண்மையான அழகு பிறக்கிறது என்பது அவர் வாதம். 1936-ல் டோக்கியோவில் அதற்கென்று அருங்காட்சியகமும் தொடங்கினார். கொரியக் குயவர்களின் பானைகளைப் பெரிதும் நேசித்தவர். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. அங்கே ஜப்பான் செய்த அழிப்பை எதிர்த்து அவர் எழுதியதும் உண்மை, கொரியக் கலையைச் 'சோகத்தின் அழகு' என்று வர்ணித்துப் பிற்காலக் கொரிய விமர்சகர்களிடம் திட்டு வாங்கியதும் உண்மை. ஆள்பவன் தேசத்துக் கலெக்டர் ஆளப்படுபவனின் பானையைக் கையில் எடுத்துப் பெயரின்மையைப் புகழும்போது, அந்தப் பெயரின்மைக்குத் தன் தேசமும் ஒரு காரணம் என்பது வசதியாக மங்கிப் போகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-ல் பிறந்தவர், தந்தை தமிழர். 1909-ல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பரம்பரைத் தொழில், குலத்தின் கட்டுக்கோப்பு, கோவிலோடும் கிராமத்தோடும் பிணைந்த வாழ்க்கை, தன் பெயரைப் பொறிக்க ஆசைப்படாத அடக்கம் எல்லாவற்றையும் ஐரோப்பியத் தொழிற்சாலைக்கு மாற்றாக முன்வைத்தார். ஐரோப்பாவை எதிர்ப்பதற்கு அது ஆயுதம்தான், மறுக்கவில்லை. எந்திரத்தின் முன்னால் மனிதன் உதிரிபாகம் ஆவதை அவர் சரியாகவே பார்த்தார். சாதிக்குள்ளே மனிதன் ஏற்கனவே உதிரிபாகமாக இருப்பதைத்தான் பார்க்கவில்லை.

புத்தகத்தில் அழகாக இருப்பது சட்டமாக வந்தால் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்நாடு 1953-ல் பார்த்துவிட்டது. அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் வீட்டில் பெற்றோரின் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டம். குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் அதை எதிர்த்தார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 2023-ல் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காக 'விஸ்வகர்மா' என்ற பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசு 2024-ல் அதை அப்படியே ஏற்க மறுத்ததற்குப் பின்னால் இந்த ஞாபகம்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் 'பெயரில்லாத கைவினைஞன்' என்ற அட்டையைப் பார்த்து நெகிழ்பவர்கள், அந்தப் பெயரில்லாதவனின் பேரன் மத்தியானம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

யானகியின் கைவினைஞனுக்குப் பெயர் இல்லை. நம் கைவினைஞனுக்கு அந்த இல்லாமைகூட வாய்க்கவில்லை. 'யாரோ ஒரு ஆசாரி': ஆளை மறந்துவிட்டு சாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும் சொற்றொடர் அது. அதைச் சொன்ன கடைக்காரர் கெட்டவர் அல்ல. நானும் பத்து நாள் முன்புவரை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

'வின்டேஜ்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திராட்சை அறுவடையைக் குறித்த சொல், பிறகு மதுவின் வருஷத்துக்கு ஆகி, இப்போது எல்லாப் பழசுக்கும் ஒட்டுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சண்டிகர் போதும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்த நகரத்து அலுவலகங்களுக்காகப் பியேர் ஜான்னரே குழுவின் வடிவில் உள்ளூர்த் தச்சர்கள் செய்த தேக்கு நாற்காலிகள், உடைசலாகக் கழிக்கப்பட்டு, எடைக்கும் ஏலத்துக்கும் போய், பின்னால் ஐரோப்பிய ஏலங்களில் லட்சங்களுக்கு விலைபோயின. 2011-ல்தான் உள்துறை அமைச்சகம் விற்பனையைத் தடுக்க ஆணையிட்டது. ஏலச் சீட்டில் ஜான்னரே பெயர் இருக்கும். நகாஷிமா பட்டறையில் வேறொரு பழக்கம் இருந்தது. மேசையின் அடிப்புறத்தில் அதை வாங்குபவரின் பெயரை மையால் எழுதிவைப்பார்கள். அதுவும் எனக்கு யோசனையாகத்தான் இருக்கிறது. அடிப்புறத்திலும் உரிமையாளன்தான்.

கட்டுரையில் அவர் பெயரைப் போடுகிறேன் என்று பாண்டமங்கலத்துத் தச்சரிடம் சொன்னேன். பெரிய நியாயம் செய்கிற தோரணையில் சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"வேணாம் சார்" என்றார். "போட்டா மட்டும் என்ன ஆவப்போவுது? பேருக்குப் பின்னாடி ஆசாரின்னுதான போடுவீங்க? எம் பேரன் வெல்டிங் படிச்சிட்டு ஃபேப்ரிகேஷன்ல நிக்கிறான். அவனையே ஊர்ல ஆசாரி பேரன்னுதான் கூப்புடுறாங்க. அது போட்டும். இந்த மேசைய செஞ்சவன் எம் பேரையா எழுதி வச்சிருக்கான்?"

அவர் பெயர் இல்லாமலேயே இந்தக் கட்டுரை முடிகிறது. மேலே நான் எழுதிய எல்லாவற்றுக்கும் இது முரண்தான். அதைச் சமாளித்து எழுத எனக்கு வழி தெரியவில்லை.

போன வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். 'ஜப்பான் மாடல், வின்டேஜ்' என்ற சீட்டுக்குப் பதிலாக வைக்கச் சொல்லி ஒரு துண்டுத்தாள் கொடுத்தேன்: தேக்கு. காடியில் இரண்டு நூல் இடம் விட்டிருக்கிறது. பொருத்துகள் கையால் எடுத்தவை, ஆணி இல்லை. ஜப்பானிய வேலையைப் பார்த்துப் பழகிய, தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் செய்தது. கடைக்காரர் இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா இத்தனையும் எழுதினா வெலய எங்க எழுதுறது?"

தச்சரும் கூட வந்திருந்தார். அவர் தாளைப் பார்க்கவில்லை. குனிந்து டீப்பாயின் ஒரு காலைப் பிடித்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாம் நம்பர் காலு ஆடுது" என்றார் கடைக்காரரிடம். "விக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆப்பு எறக்கணும். நாளைக்குக் காலைல வரட்டுமா?"